எண்ணெய் குறைந்ததா, திரி தேய்ந்ததா? முதுமையும் சத்து மாத்திரைகளும்

அம்மாவின் மேஜையில் இருந்த மாத்திரை டப்பாக்களை ஒருநாள் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஏழு இருந்தன. எலும்புக்கு இரண்டு, கண்ணுக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, முடிக்கும் நகத்துக்கும் ஒன்று, மீன் எண்ணெய் ஒன்று, "இளமையைக் காக்கும்" என்று அட்டையில் எழுதியிருந்த ஒன்று. எல்லாமே யாரோ பாசத்தோடு வாங்கிக் கொடுத்தவை. அதில் இரண்டு நான் வாங்கியவை.

அந்த ஏழையும் தவறாமல் சாப்பிட்டுவந்த அம்மாவுக்குச் சில மாதங்களாகவே பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. இருட்டில் நடந்தால் தடுமாற்றம். "72 வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று அவரும் சொன்னார், நாங்களும் சொன்னோம். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. அந்த ஏழு டப்பாவில் ஒன்றில்கூட பி12 இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். முதுமை வேறு, சத்துக் குறைவு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தேவைப்படாத மாத்திரை உள்ளே போகிறது, தேவைப்படுவது விட்டுப்போகிறது. என் வீட்டில் நடந்தது அதுதான். இந்த வேறுபாட்டை அடியிலிருந்து பார்க்கலாம்.

## விளக்கும் எண்ணெயும் திரியும்

முதலில் ஒரு சொல். உணவுக்கு மேல் கூடுதலாக, மாத்திரையாகவோ பொடியாகவோ சொட்டாகவோ எடுத்துக்கொள்ளும் வைட்டமின், தாது, புரதம், மூலிகைச் சாறு எல்லாவற்றையும் இங்கே "சத்து மாத்திரை" என்றே சொல்கிறேன். நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து இதில் சேராது.

சரி, ஓர் எண்ணெய் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குறைந்தால் சுடர் மங்கும். கொஞ்சம் ஊற்றினால் உடனே நிமிர்ந்து எரியும். ஆனால் போதுமான எண்ணெய் இருக்கும்போது மேலும் ஊற்றினால் சுடர் இரண்டு மடங்கு ஆகாது. விளிம்புவரை ஊற்றினால் திரி மூழ்கி விளக்கே அணைந்துவிடும். அப்புறம், எண்ணெய் எவ்வளவு இருந்தாலும் திரி தன் போக்கில் கருகிக்கொண்டேதான் வரும்.

சத்துகள் எண்ணெய் மாதிரி. முதுமை, திரி கருகுவது மாதிரி.

எண்ணெய் ஊற்றியதும் சுடர் நிமிரும் என்பதற்கு வரலாற்றில் கண்கூடான சாட்சி உண்டு. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிச் சோர்ந்து கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடிகளாகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு வைத்தியம். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் வேகமாகத் தேறினார்கள். அவர்களில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். அவர்களுக்குக் குறைந்திருந்தது வைட்டமின் சி என்பது தெரியவர இன்னும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. வைட்டமின் என்றால், உடம்பு தானே போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாத, ஆனால் மிகச் சிறிய அளவில் கட்டாயம் தேவைப்படும் பொருள். அந்தப் பெயரே 1912-இல் காசிமிர் ஃபங்க் என்ற போலந்து விஞ்ஞானி வைத்ததுதான்.

சத்து மாத்திரை மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கைக்கு வேர் இதுபோன்ற கதைகளில் இருக்கிறது. அந்த நம்பிக்கை பொய்யும் இல்லை. ஆனால் அந்த மாலுமிகள் எழுந்தது அவர்களிடம் அந்தச் சத்து இல்லாததால். கப்பலில் ஸ்கர்வி இல்லாத ஒருவருக்கு அதே பழத்தைக் கூடை கூடையாகக் கொடுத்திருந்தாலும் அவர் இன்னும் பலசாலி ஆகியிருக்க மாட்டார்.

திரி கருகுவது என்பது என்ன? செல்களின் டிஎன்ஏ-வில் வருடக்கணக்கில் பழுதுகள் சேர்கின்றன. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் தளர்கின்றன. மேற்கொண்டு பிரியாமலும் சாகாமலும் சில செல்கள் தங்கிவிடுகின்றன. உடம்பெங்கும் மெல்லிய அழற்சி ஒன்று கனன்றுகொண்டே இருக்கிறது. முதுமையின் இத்தகைய அடையாளங்களை 2013-இல் ஆய்வாளர்கள் ஒன்பதாகத் தொகுத்தார்கள். 2023-இல் அந்தப் பட்டியல் பன்னிரண்டானது. இவை ஏதோ ஒரு வைட்டமின் தீர்ந்துபோனதால் வருபவை அல்ல. மனிதரின் ஆயுளை நீட்டும் என்று நிரூபணமான சத்து மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை.

இதுவரை பார்த்தது: குறைந்த சத்தை நிரப்பினால் பெரிய பலன் கிடைக்கும். குறையாத சத்தைக் கூட்டினால் பலன் கூடாது. முதுமை என்பது சத்துக் குறைவு அல்ல.

## ஆனால் வயதானால் எண்ணெயும் குறைகிறதே?

ஆமாம், குழப்பம் வருவதே இங்கேதான். முதுமை சத்துக் குறைவால் வருவதில்லை. ஆனால் முதுமையால் சில சத்துகள் குறைவது உண்டு. எல்லாச் சத்துகளும் இல்லை, குறிப்பிட்ட சில. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது.

பி12-ஐ நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது அதுதான். இறைச்சி, மீன், முட்டை, பால் போன்ற விலங்கு உணவுகளில்தான் அது இயல்பாகக் கிடைக்கிறது. அங்கே அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். வயிற்றில் சுரக்கும் அமிலம்தான் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிந்த பி12 சாதாரணமாகத் தனியாக உடம்புக்குள் நுழையாது. வயிற்றுச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வந்து, கையைப் பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கூட்டிப்போகிறது. பி12-க்கான வாசல் அங்கேதான் இருக்கிறது.

வயதாகும்போது பலருக்கு வயிற்றின் உட்சுவர் மெலிந்து அமிலச் சுரப்பு குறைகிறது. சாப்பாட்டில் பி12 இருக்கும், ஆனால் புரதத்திலிருந்து பிரியாமலே வெளியே போய்விடும். நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் இதே நிலை. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின், குடலில் பி12 உள்ளே போவதையே குறைக்கிறது. அம்மா இந்த இரண்டு மருந்தையும் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துவந்தவர். கல்லீரலில் பி12 பல வருடங்களுக்குச் சேமிப்பாக இருக்கும் என்பதால் குறைவு ஒரே நாளில் தெரியாது. மெதுவாகத் தெரிய ஆரம்பிக்கும்போது அது சோர்வாக, மறதியாக, கால் மரமரப்பாக, தள்ளாட்டமாகத் தெரியும். வயதானால் வருவது என்று நாம் நினைத்துக்கொள்கிற அத்தனையும்.

இதில் ஆறுதலான ஒன்று உண்டு. மாத்திரையில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை. அதனால் அமிலம் குறைந்தவர்களுக்கும் அது போய்ச் சேரும். 50 வயதைத் தாண்டியவர்கள் பி12-ஐ மாத்திரையிலிருந்தோ செறிவூட்டிய உணவிலிருந்தோ பெறுவது நல்லது என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 1998-இலேயே சொன்னது இதனால்தான். கூட்டிப்போகும் அந்தத் துணைப் புரதமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1000 மைக்ரோகிராம் மாதிரி பெரிய அளவில் கொடுத்தால், அதில் ஏறக்குறைய 1 சதவீதம் எந்தத் துணையும் இல்லாமல் தானாகவே ஊறி உள்ளே போய்விடும். அது 10 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். டப்பாவில் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிய எண் இருப்பதன் கணக்கு இது. நரம்பு பாதிப்பு முற்றியவர்களுக்கு மருத்துவர்கள் ஊசியிலிருந்தே தொடங்குவார்கள்.

அடுத்தது வைட்டமின் டி. தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் மேல் வெயிலின் புறஊதாக் கதிர் படும்போது உடம்பு இதைத் தயாரிக்கிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு முறை உருமாறி வேலைக்கு வருகிறது. வயதாகும்போது தோலில் அந்த மூலப்பொருள் குறைகிறது. வெளியே போவதும் குறைகிறது. அதனால்தான் தினசரிப் பரிந்துரை அளவு 70 வயதுவரை 600 யூனிட், அதற்கு மேல் 800 யூனிட். பரிந்துரை அளவு என்பது ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் போதுமானது என்று கணக்கிட்ட அளவு. இதற்கு மேல் போனால்தான் பலன் தொடங்கும் என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது, தசை. வயதால் தசையும் பலமும் கரைவதற்கு சார்கோபீனியா என்று பெயர். இளவயதில் ஒரு வேளைப் புரதம் எவ்வளவு தசையைக் கட்டுமோ, அதே புரதம் முதுமையில் அதைவிடக் குறைவாகவே கட்டும். அதனால் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவான உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம், முதியவர்களுக்குப் போதாது என்பது பல நிபுணர்களின் கருத்து. அவர்கள் சொல்வது 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உணவிலேயே இந்த அளவு வந்துவிட்டால் பொடி தேவையில்லை. பசியில்லாமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடும் பெரியவர்களுக்குப் புரதப் பொடி உண்மையிலேயே கைகொடுக்கும். ஆனால் ஒன்று: செங்கலைக் குவித்தால் மட்டும் சுவர் எழும்பாது, கொத்தனார் வேண்டும். இங்கே கொத்தனார் உடற்பயிற்சி, அதிலும் எடைக்கு எதிராகத் தசையை வேலை வாங்கும் பயிற்சி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்வதுகூட அந்த வகைதான்.

ஆக, வயதானால் குறைவது "சத்து" என்ற பொதுவான ஒன்று இல்லை. பி12 வயிற்றால் குறைகிறது, டி தோலால் குறைகிறது, புரதத்தின் தேவை தசையால் கூடுகிறது. காரணம் தெரிந்தால் யாருக்கு எது குறையும் என்று ஊகிக்கலாம், ரத்தத்தில் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்.

## "நல்லதுதானே, கூடினால் என்ன?"

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் மிகவும் வருந்திக் கற்றுக்கொண்ட பதில் ஒன்று இருக்கிறது.

உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது ஃப்ரீ ரேடிக்கல்கள் உண்டாகின்றன. இவை பக்கத்தில் இருக்கும் எதிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பறிக்கப் பார்க்கும், நிலையில்லாத மூலக்கூறுகள். இவற்றை அடக்கும் பொருள்கள் ஆன்டிஆக்ஸிடன்ட்கள். வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் எல்லாம் அந்த வகை. ஃப்ரீ ரேடிக்கல்கள் செய்யும் சேதம் சேர்ந்து சேர்ந்துதான் முதுமை வருகிறது என்ற கோட்பாட்டை 1956-இல் டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி முன்வைத்தார். அப்படியானால் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் முதுமையும் புற்றுநோயும் தள்ளிப்போக வேண்டும். கேட்க அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

சோதித்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், புகைத்து நிறுத்தியவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-வும் எடுத்தவர்களுக்கு 28 சதவீதம் கூடியது. 1996-இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். பிறகு வைட்டமின் ஈ. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம், புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்கத் தொடங்கிய சோதனை அது. தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு அதே புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது 2011-இல் தெரிந்தது. நன்மை நினைத்து மாத்திரை விழுங்கிய மனிதர்கள் இவர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

ஏன் இப்படி? முழு விடை இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. ஆனால் ஒரு பகுதி தெளிவு: ஃப்ரீ ரேடிக்கல்கள் வெறும் எதிரிகள் அல்ல. கிருமியைக் கொல்ல வெள்ளையணுக்கள் அவற்றை ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. உடற்பயிற்சி செய்யும்போது உண்டாகும் ஃப்ரீ ரேடிக்கல்கள்தான் "உன்னைப் பலப்படுத்திக்கொள்" என்று தசைக்குச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வைட்டமின் சி, ஈ மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பயிற்சி செய்த இளைஞர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய வேண்டிய பலனே கிடைக்காமல் போனது. பழத்திலும் காயிலும் இருக்கும் அளவு வேறு. ஒற்றைப் பொருளைப் பிரித்தெடுத்துப் பல மடங்காகக் கொடுப்பது வேறு.

தேவையான வைட்டமின் டி-யிலும் இதே பாடம். ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். கீழே விழுவதும் எலும்பு முறிவும் குறைவதற்குப் பதிலாகக் கூடின. கால்சியத்திலும் உண்டு: 36,000-க்கும் மேற்பட்ட மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்து 2006-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், கால்சியமும் டி-யும் எடுத்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி சற்றே கூடியது, இடுப்பு முறிவு தெளிவாகக் குறையவில்லை, சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது.

நீரில் கரையும் வைட்டமின்களில் மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும் என்பார்கள். அதையும் முழுக்க நம்பிவிட முடியாது. பி6 நீரில் கரைவதுதான், ஆனால் நெடுநாள் அதிக அளவில் எடுத்தால் நரம்பையே கெடுக்கும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. அவற்றில் ஏ, டி, ஈ உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

சுருக்கமாக: ஒவ்வொரு சத்துக்கும் ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் உண்டு. நன்மை இருப்பது அவற்றுக்கு நடுவில்.

## "ஆய்வில் தெரிந்தது" என்றால் எந்த ஆய்வு?

விளம்பரங்களில் எல்லாம் ஆய்வு என்ற சொல் வருகிறது. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆய்வில் பல படிகள் இருக்கின்றன.

முதல் படி, கவனித்துப் பார்ப்பது. வைட்டமின் டி அதிகமாக இருப்பவர்களுக்கு நோய் குறைவாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் வெயிலில் இறங்கி நடப்பவர்களுக்குத்தான் டி அதிகமாக இருக்கும். நோயில் படுத்திருப்பவர் வெயிலுக்கு வரவே முடியாது. டி குறைந்ததால் நோயா, நோயால் டி குறைந்ததா? சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் புகைக்காதவர்கள், நடைப்பயிற்சி போகிறவர்கள், பரிசோதனைக்குத் தவறாதவர்கள். அவர்கள் நன்றாக இருப்பதற்கு மாத்திரைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு: குலுக்கல் முறைச் சோதனை. ஆயிரக்கணக்கானவர்களைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உண்மையான மாத்திரை, இன்னொன்றுக்கு அதே தோற்றத்தில் ஒன்றுமில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. வைட்டமின் டி-யை அப்படி 25,871 பேரிடம் தினம் 2000 யூனிட் கொடுத்துச் சோதித்தார்கள். 2018-இல் வந்த முடிவு: புதிதாகப் புற்றுநோய் வருவதும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதும் குறையவில்லை. 2022-இல் அதே குழுவில் எலும்பு முறிவும் குறையவில்லை என்று தெரிந்தது. இதனால் வைட்டமின் டி வீண் என்று ஆகிவிடாது. அந்தச் சோதனையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு டி குறைவாகவே இல்லை. நிறைந்த விளக்கில்தான் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு படி, எலியும் ஈஸ்டும். திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் ஈஸ்டின் ஆயுளை நீட்டியது என்று 2003-இல் செய்தி வந்தது. 2006-இல் கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்கும் நன்மை தெரிந்தது. உலகமே பேசியது. ஆனால் சாதாரணத் தீனி தின்ற எலிகளிடம், மூன்று ஆய்வுக்கூடங்களில் ஒரே நேரத்தில் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை.

இப்போது அதிகம் பேசப்படுவது என்எம்என், என்ஆர் என்ற பொருள்கள். செல்லில் ஆற்றல் வேலைகளுக்குத் தேவையான என்ஏடி என்ற மூலக்கூறு வயதாகும்போது குறைகிறது; அதற்கான மூலப்பொருள்கள் இவை. சாப்பிட்டால் ரத்தத்தில் என்ஏடி கூடுவது உண்மை. ஆனால் ரத்தத்தில் ஓர் எண் ஏறுவதும், மனிதர் பலமாக நடப்பதும், நோயில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. அந்த இரண்டாவது பகுதி மனிதர்களில் இன்னும் நிரூபணமாகவில்லை. அம்மாவின் "இளமையைக் காக்கும்" டப்பாவில் இருந்தது இதுதான்.

## பலன் தெரிந்த இடங்கள்

எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளுவதும் தவறு. விழித்திரையின் நடுப்பகுதி வயதால் கெட்டுப்போகும் மாக்குலா சிதைவு என்ற நோய் இருக்கிறது. அது இடைநிலையில் இருப்பவர்களுக்கு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் சேர்ந்த ஒரு கலவை, நோய் முற்றும் அபாயத்தை ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 25 சதவீதம் குறைத்தது 2001-இல் தெரிந்தது. புகைபிடிப்பவர்களை நினைத்து 2013-இல் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டின், ஸியாக்ஸாந்தின் என்ற இரண்டு தாவர நிறமிகளைச் சேர்த்தார்கள். ஆனால் அந்த நோய் இல்லாதவர்களுக்கு அது வராமல் தடுப்பதாகத் தெரியவில்லை. கண்புரைக்கும் இது மருந்தல்ல.

மல்டிவைட்டமின் பற்றி: ஏறக்குறைய 3,90,000 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் சாப்பிட்டவர்களின் இறப்பு விகிதம் குறையவில்லை. அதே நேரம், வயதானவர்களிடம் குலுக்கல் முறையில் நடந்த இன்னொரு சோதனையில் நினைவாற்றலில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. சாப்பாடு சரியாக இறங்காத ஒருவருக்கு எளிய அளவிலான மல்டிவைட்டமின் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் ரத்தப் பரிசோதனை இல்லாமலேயே வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2024-இல் சொல்லியிருக்கிறது. அங்கும் சொல்லப்படுவது தினசரிச் சிறு அளவுதான்.

## டப்பாவின் பின்பக்கம்

முன்பக்கம் விற்பதற்கானது. படிக்க வேண்டியது பின்பக்கம். பல நாடுகளில் சத்து மாத்திரைகள் உணவு வகையில்தான் வருகின்றன. மருந்தைப் போல, விற்பனைக்கு வருமுன் பலனை நிரூபிக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. அதனால் படிக்கிற பொறுப்பு நம் மேல் விழுகிறது.

அம்மாவின் ஏழு டப்பாவையும் திருப்பி வைத்து ஒரு தாளில் எழுதினேன். எலும்புக்கான இரண்டு டப்பாவிலும் வேறு வேறு பெயர், உள்ளே ஒரே சரக்கு. ஒவ்வொன்றிலும் கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று இருந்தது. அதில் உண்மையான கால்சியம் 40 சதவீதம்தான், அதாவது 500 மில்லிகிராம். இரண்டும் சேர்த்து 1000. அவர் வயதுப் பெண்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்குத் தேவை 1200. சாப்பாட்டிலேயே 700 வந்துவிடுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தோம். ஒன்று போதும்.

அதைவிட முக்கியமானது அடுத்தது. காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே விதி. முடிக்கான டப்பாவில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குத் தேவை 30. இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில ஆய்வகச் சோதனைகளே தவறான எண்ணைக் காட்டும். தைராய்டு சோதனை அவற்றில் ஒன்று. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனை இன்னொன்று. இதைப் பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் எச்சரிக்கையே வெளியிட்டது.

மற்றவர்களுக்கு வேறு மோதல்கள் இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். அதிக அளவு மீன் எண்ணெய் இதயத்துடிப்பு ஒழுங்கு தப்பும் அபாயத்தைக் கூட்டும். செறிவூட்டிய மூலிகைச் சாறுகளில் சில கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. ஃபோலிக் அமிலத்தை அதிகமாக எடுத்தால் பி12 குறைவால் வரும் ரத்தசோகை மறைந்துவிடும், ஆனால் நரம்புச் சேதம் உள்ளே தொடரும். இரும்புச் சத்து குறைந்த முதியவருக்கு உடனே இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வயதில் இரும்பு குறைந்தால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். மருந்துகளையும் சத்து மாத்திரைகளையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வந்ததற்கே அவர் சந்தோஷப்பட்டார். கண் பரிசோதனையில் மாக்குலா நோய் இல்லை, அந்த டப்பா நின்றது. மூட்டு மாத்திரையால் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று அவர் கேட்க, அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு "இல்லைங்க" என்றார். அதுவும் நின்றது. பயோட்டினை நிறுத்திச் சில நாள் கழித்துத் தைராய்டு சோதனையை மறுபடி எடுக்கச் சொன்னார். எலும்புக்கு ஒன்று மட்டும், இரவுச் சாப்பாட்டோடு. பி12 முதலில் ஊசியாக, பிறகு தினம் ஒரு மாத்திரையாக.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. தள்ளாட்டம் போய்விட்டது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்குகிறார். எறும்பு ஊர்வது பெரும்பாலும் நின்றுவிட்டது. இரண்டு பாதங்களிலும் விரல் நுனிகளில் மட்டும் உணர்வு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு நெடுநாள் பட்டினி கிடந்துவிட்டது, அந்த அளவுக்குத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். தினமும் காலையில் வெறுங்காலைத் தரையில் வைத்து, குளிர்ச்சி தெரிகிறதா என்று அம்மா பார்த்துக்கொள்கிறார்.